எட்டும் தப்பு

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டே கால் மணிக்கு உமைராவின் போனில் வந்து விழுந்தது. அப்போது அவள் தாராவியில் மன்சூர் அலியின் கிளவுஸ் பட்டறையில் செக்கிங் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். சாக்பீஸைக் கீழே வைத்தாள். கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, முதலில் வேகமாக ஒரு தடவையும் பிறகு சொல் சொல்லாக ஒரு தடவையும் படித்தாள்.

விஷயம் இதுதான். செம்பூரில் ஒரு பயிற்சி நிலையம் நடத்தும் லேப் டெக்னீஷியன் படிப்பில் அவள் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்த ஆறு மாதமும் ஆன்லைன் பாடம்தான். கரிம வேதியியலும் உயிர்வேதியியலும் கலந்து ஒரே ஒரு தாள். அதில் தேறினால்தான் லேபுக்குள் போய் ரத்தம் எடுத்த சோதனைக் குழாயைக் கையில் தொட முடியும். நேரடிப் பயிற்சி வருகிற திங்கட்கிழமை தொடங்குகிறது. தேர்வை அவள் போன ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் இதே செக்கிங் மேசையில், மெஷின் ஓடாத நேரமாகப் பார்த்து, கேமரா முன்னால் உட்கார்ந்து எழுதியிருந்தாள். எழுதுகிறவரின் கண் எங்கே போகிறது, உதடு அசைகிறதா என்று ஒரு மென்பொருள் விடாமல் கவனித்துக்கொண்டிருக்கும். உமைரா நாற்பத்தொரு தடவை மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள், பார்த்தபோதெல்லாம் உதடு அசைந்தது என்று அந்த மென்பொருள் சொல்லிவிட்டது.

கடிதத்தோடு ஒரு பக்கப் படிவமும் இருந்தது. 'தேர்வில் முறைகேடு செய்ததை ஒப்புக்கொள்கிறேன்' என்று அதில் அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், முறைகேடு என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டு அடுத்த வருஷம் மறுபடி எழுத விடுவார்கள். போடாவிட்டால் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஆன்லைனில் விசாரணை. அதற்கப்புறம் பெயரையே அடித்துவிடலாம்.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி போச்சு?" என்றார் மன்சூர் அலி, கட்டிங் பலகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நான் பாத்து எழுதுனேனாம், மாமா."

"எதப் பாத்து?"

"அதத்தான் அவங்க சொல்லல."

அவள் சாக்பீஸை எடுத்து மறுபடியும் வேலையைப் பார்த்தாள்.  காது சூடாக இருந்தது.

எதைப் பார்த்தாள் என்பது அவளுக்குத் தெரியும். கையைப் பார்த்தாள்.

ரெக்கார்ட் செய்த பாடங்களை அவள் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்பாள். ஆசிரியை சாதனா ஆங்கிலமும் ஹிந்தியும் கலந்து வேகமாகப் பேசுவாள். உமைரா நிறுத்தி நிறுத்திக் கேட்டு, நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வாள். 'கார்பனுக்கு நாலு கை, நாலும் எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும்' என்பது அவள் நோட்டின் முதல் வரி. மூன்றாவது மாதத்தில் அமினோ அமிலம் வந்தது. ஒரே மூலக்கூறு இரண்டு உருவத்தில் இருக்கும், எல் என்றும் டி என்றும், ஒன்று இன்னொன்றின் கண்ணாடி பிம்பம், நம் உடம்பில் இருக்கும் புரதமெல்லாம் எல் வகைதான் என்று பாடம் சொன்னது. ஆன்லைன் வகுப்பில் பாதிப் பேருக்கு அது தலைக்குள் போகவில்லை. உமைராவுக்கு அரை மணி நேரத்தில் போய்விட்டது. எட்டு வருஷமாக இடதையும் வலதையும் பிரிப்பதுதானே அவள் பிழைப்பு.

தனக்கென்று ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். கட்டைவிரல் அமீன், சுட்டுவிரல் பக்கக்கிளை, நடுவிரல் அமிலத் தொகுதி, மணிக்கட்டு ஹைட்ரஜன். மூன்று விரலையும் மூன்று திசையில் நீட்டி, திரையில் இருக்கும் படத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டியது. இடது கை பொருந்தினால் எல், வலது கை பொருந்தினால் டி. அவ்வளவுதான். இதைத்தான் அன்றைக்கு மடியில் வைத்து, விரலுக்கு விரல் பெயரை முணுமுணுத்துக்கொண்டு செய்தாள். மேசை உயரம், ஸ்டூல் குட்டை. கேமராவுக்குக் கை தெரியவில்லை.

வீட்டில் காலித் காக்கா, அவள் அண்ணன், படிவத்தை வாங்கிப் படித்தான். அவன் வடாலாவில் ஒரு கோடவுனில் சூப்பர்வைசர். தினமும் இருபது தாளில் கையெழுத்துப் போடுகிறவன்.

"ஏட்டி, ஒரு சைன்தான. போட்டுட்டு அடுத்த வருசம் எழுதிட்டுப் போயேன். சல்த்தா ஹை, ஒண்ணும் ஆகாது."

"நான் பாத்து எழுதல."

"அது ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கேமராவுக்குத் தெரியுமா? அது பாவம், கண்ணு மட்டுந்தான இருக்கு அதுக்கு."

"கேமராவுக்குப் பரிஞ்சு பேசுற மொத ஆளு நீங்கதான்" என்றாள் அவன் மனைவி ஆபிதா, குக்கரைத் திறந்துகொண்டே.

"நீ சும்மா இரு. பேரையே அடிச்சிட்டான்னா என்ன செய்வா இவ?"

"அடிக்கட்டும்" என்றாள் உமைரா. "நாளைக்கு ஒரு ஆளுக்கு சுகர் இருக்குன்னோ இல்லன்னோ எழுதி, அதுக்கு அடியில நான் கையெழுத்துப் போடணும், காக்கா. அதுதான் வேலையே. மொதக் கையெழுத்தே பொய்யின்னா அடுத்ததை எவன் நம்புவான்?"

"ஹீரோயின் மாதிரி பேசுறா பாரு."

"தட்ட எடுங்க ரெண்டு பேரும்" என்றாள் ஆபிதா. பிறகு உமைராவின் பக்கம் திரும்பி, "போடாத. ஆனா வெறும் வாயோட போகாத. கையில எதையாவது வச்சிக்கிட்டுப் போ" என்றாள்.

கையில் என்ன வைத்துக்கொண்டு போவது என்பது அவளுக்கும் புரியவில்லை. புதன்கிழமை முழுக்க அதையே யோசித்தாள். நான் செய்யவில்லை என்று ஆயிரம் தடவை சொல்லலாம். செய்தவனும் அதையேதான் சொல்லுவான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, தேர்வெழுதிய எல்லாருக்கும் விடைத்தாளைத் திறந்துவிட்டார்கள். டீ வந்த நேரம். உமைரா போனில் ஒவ்வொரு கேள்வியாகத் தள்ளிப் பார்த்தாள். அறுபதுக்கு முப்பத்து நாலு. தேற முப்பத்தாறு வேண்டும். சில இடங்களில் தெரியாமல் விட்டது அவளுக்கே தெரியும். எஸ்டர் தகராறு, நொதிகள் தகராறு. ஆனால் இருபத்தொன்றாம் கேள்வியிலிருந்து இருபத்தெட்டு வரைக்கும் எல்லாம் 'எல்'லா 'டி'யா என்ற கேள்விகள். கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் என்று அவள் நம்பியிருந்த கேள்விகள். எட்டுக்கும் சிவப்பு.

ஒன்றிரண்டு அல்ல, எட்டும் தப்பு.

டீ ஆறிப்போனது. அட்டைப் பெட்டியைக் கிழித்து, இருபத்தொன்றாம் கேள்வியின் படத்தை மறுபடி வரைந்து, விரலை நீட்டிப் பார்த்தாள். இடது கைதான் பொருந்தியது. அப்படியானால் எல். சரியான விடையும் எல். ஆனால் அன்றைக்கு அவள் தொட்டிருந்தது டி. அடுத்ததைப் பார்த்தாள். வலது பொருந்தியது. தொட்டிருந்தது எல். ஷைத்தான் வந்து கையைத் தட்டிவிட்டதா என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

அதற்குள் தையல் மெஷினிலிருந்து ஒரு கட்டு கிளவுஸ் வந்து மேசையில் விழுந்தது. பழக்கத்தில் எடுத்துக் குறி போட ஆரம்பித்தாள். இந்தக் குறியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தோல் கிளவுஸை உள்பக்கம் வெளியே தெரியும்படிதான் தைப்பார்கள். தைத்து முடித்து, இரும்புக் கம்பியில் மாட்டி ஒவ்வொரு விரலாகப் புரட்டினால்தான் நல்ல பக்கம் வெளியே வரும். புரட்டினால் கை மாறிவிடும். இடதாகத் தெரிந்தது வலதாகும், வலது இடதாகும். செக்கிங் செய்கிறவள் புரட்டாத சரக்கைப் (பட்டறைப் பேச்சில் 'மால்') பார்த்து, புரட்டின பிறகு என்ன ஆகுமோ அதை எழுத வேண்டும். கண்ணுக்கு இடது தெரிந்தால் கை ரைட்டுக்கு ஆர் என்று எழுதும். வலது தெரிந்தால் லெஃப்ட்டுக்கு எல் என்று எழுதும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் இது மாறிப்போய் மன்சூர் அலியிடம் வாங்கின ஏச்சு கொஞ்சம் அல்ல. அதற்கப்புறம் எட்டு வருஷத்தில் ஒரு ஜோடிகூட மாறியதில்லை. யோசித்தா செய்கிறாள்? கை செய்கிறது.

நாலாவது கிளவுஸில் ஆர் என்று எழுதியவள், சாக்பீஸை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

கண் இடது என்றது. கை அதைத் திருப்பி எழுதியது. ஞாயிற்றுக்கிழமையும் அதே மேசை, அதே இடம், அதே கை.

"என்னம்மா, கிளவுஸ்கிட்ட பாடம் கேக்கியா?" என்றார் மன்சூர் அலி.

"மாமா, புரட்டாத மால் மூணு ஜோடி தருவீங்களா? நாளைக்கு வேணும்."

"எதுக்கு?"

"நான் மடச்சின்னு நாலு பேருக்குக் காட்டணும்."

மன்சூர் அலி அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்கு கிளவுஸ் எதுக்கு, நான் வந்து சொல்ல மாட்டேனா? எடுத்துக்கோ. ஆர்டர் மால், திரும்ப வரணும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டறை லீவு. உமைரா சயானில் வண்டி ஏறி, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறி, இரண்டே முக்காலுக்குச் செம்பூர் அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தாள். தேர்வுப் பொறுப்பாளர் பத்ரிநாராயணன் மாட்டுங்காத் தமிழர், அறுபது வயதை ஒட்டியவர், சட்டைப் பையில் இரண்டு பேனா. லேப்டாப்பில் அவள் முகம் வரும் என்று காத்திருந்தவர், கதவில் வந்து நின்றதும் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பக்கத்தில் சாதனா இருந்தாள். இத்தனை நாள் திரையில் பார்த்ததைவிட நேரில் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

"ஆன்லைன்லயே வந்திருக்கலாமே மா. எதுக்கு அலைச்சல்?"

"ஆன்லைன்ல வந்தா என் கை தெரியாது, சார்."

"சரி, உக்காருங்கோ. நாப்பத்தொரு தடவை கீழே பாத்திருக்கேள். கீழே என்ன இருந்தது?"

"கை இருந்துச்சு."

"கையில?"

"விரல் இருந்துச்சு, சார்."

சாதனா குனிந்து தாளைப் பார்த்தாள். பத்ரிநாராயணன் சிரிக்கவில்லை.

"இதோ பாருங்கோ. நீங்க கெட்டிக்காரின்னு எனக்குத் தெரியறது. ஆனா ரிப்போர்ட் இப்படி வந்திருக்கு. கையெழுத்துப் போட்டுட்டேள்னா ஒரு வருஷத்தோட போயிடும். பிடிவாதம் பண்ணினா எல்லாம் போயிடும்."

"நான் ஒண்ணு கேக்கட்டுமா, சார்? நீங்க சொல்றபடி கீழ புஸ்தகமோ போனோ வச்சிருந்தேன்னே வைங்க. இருபத்தொண்ணுலேருந்து இருபத்தெட்டு வரைக்கும் என் விடையைப் பாருங்க."

சாதனா பார்த்தாள். நிதானமாக ஒன்றொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாமே தப்பு" என்றாள்.

"எட்டும் தப்பு, மேடம். பாத்து எழுதியிருந்தா எட்டும் சரியா இருக்கும். ஒண்ணும் தெரியாம குருட்டாம்போக்குல தொட்டிருந்தா பாதி சரி, பாதி தப்பு இருக்கும். இருக்கிறதே ரெண்டு விடைதான. எட்டையும் ஒண்ணு விடாம தப்பா போடணும்னா, எட்டுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும்."

 பத்ரிநாராயணன் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"தெரிஞ்சுண்டு ஏன் தப்பா போடணும்?"

உமைரா பையிலிருந்து ஒரு கிளவுஸை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "இது எந்தக் கை, சார்?"

அவர் தொடாமல் பார்த்தார். "லெஃப்ட்."

"மேல என்ன எழுதியிருக்கு?"

"ஆர்."

அவர் பையில் இருந்த பேனா ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அதன் பின்பக்கத்தால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை ஒவ்வொன்றாகக் குத்திப் புரட்டி, உதறி, தன் வலது கையில் மாட்டிக் காட்டினாள். பேனாவில் தோல் வாசனை ஏறியிருக்கும். துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். பட்டறையில் குறி போடுவது எப்படி, விரலால் மூலக்கூறை அளப்பது எப்படி, இரண்டும் ஒரே மேசையில் எப்படி மாட்டிக்கொண்டன என்று வரிசையாகச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சாதனாவுக்கு ஆர்வம் தாங்கவில்லை. "ஏக் மினிட், சார்" என்று ஒரு தாளை இழுத்து, ஐந்து மூலக்கூறு வரைந்தாள். தேர்வில் இல்லாத புதுப் படங்கள். "எனக்குத் தமிழ் படிக்கதான் வராது, பேச்சு புரியும். நீங்க எப்படி பண்றீங்கன்னு சொல்லிக்கிட்டே பண்ணுங்க. கையை மேலே வைங்க."

உமைரா இரண்டு கையையும் மேசைமேல் வைத்தாள். "அமீன், பக்கக்கிளை, அமிலம். மணிக்கட்டு ஹைட்ரஜன். இது இடது. எழுத வேண்டியது எல். கை டின்னு எழுதப் பாக்குது, விட மாட்டேன். எல்." அடுத்தது. அடுத்தது. ஐந்தாவதை முடித்துப் பேனாவை வைத்தாள்.

"சஹி ஹை, சார். அஞ்சும் கரெக்ட்" என்றாள் சாதனா. "என் பேட்ச்ல நாலு பேருக்குக்கூட இது வராது. அமீனைக் கட்டைவிரல்ல வச்சா லெஃப்ட் ஹேண்ட் எல் ஆயிடும்னு நானே யோசிச்சதில்லை."

பத்ரிநாராயணன் நாற்காலியில் சாய்ந்தார். கெட்ட மனிதர் அல்ல. இருபது வருஷமாகத் தேர்வு நடத்தி, எது வளர்ந்தால் தலைவலி, எது அமுங்கினால் நிம்மதி என்று தெரிந்தவர்.

"நான் ஒண்ணு சொல்றேன். முறைகேடுங்கிற வார்த்தையை எடுத்துடறேன். 'எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டேன்'னு ஒரே ஒரு வரி, அதுல கையெழுத்துப் போடுங்கோ. அந்த ரிப்போர்ட் கொடுத்த கம்பெனிக்கு நானும் ஒரு பதில் சொல்லணுமோல்லியோ. உங்களுக்கு ரெண்டு மார்க் குறையறது. கிரேஸ் மார்க் போட எனக்கு அதிகாரம் இருக்கு. திங்கட்கிழமை நீங்க லேபுக்குப் போயிடலாம். எல்லாருக்கும் நல்லது."

உமைரா மனசுக்குள் நாளை எண்ணினாள். மூன்று நாள். மூன்று நாள் கழித்து மைக்ராஸ்கோப், வெள்ளை கோட், கண்ணாடித் தட்டில் ஒரு துளி ரத்தம். இல்லையென்றால் துணைத்தேர்வு வரைக்கும் இன்னும் ஆறு மாதம் சாக்பீஸ். ஒரு வரிதான். சாதனாகூட அவளைப் பார்த்து, போட்டுவிடு என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினாள்.

"எதுக்கு எச்சரிக்கை, சார்?"

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"கையைப் பாத்ததுக்கா?"

அவர் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார்.

"ரெண்டு மார்க் எனக்கு வேண்டாம். அந்த எட்டும் நான் தப்பா போட்டது. மாத்தி எழுதுனா பட்டறையில அந்த மால் ரிஜெக்ட். லேபுல மாத்தி எழுதுனா ஒரு ஆளு உசிரு. அதனால ஃபெயில்னு போடுங்க, நான் கேக்க மாட்டேன். ஆனா செய்யாததை என் பேர்ல எழுதியிருக்கீங்க. அதை எடுத்துட்டேன்னு எழுத்துல குடுங்க."

"ஃபெயில் ஆனா பரவாயில்லைங்கறேளா?"

"ஃபெயிலானது நான், சார். பாத்து எழுதுனது நான் இல்ல."

 பத்ரிநாராயணன் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பித் தட்டச்சு செய்தார். பிரின்டர் ஒரு தாளைத் துப்பியது. உமைரா அதை வாங்கி, முதலில் வேகமாகப் படித்தாள், பிறகு சொல் சொல்லாகப் படித்தாள். மூன்றாவது வரியில் விரலை வைத்தாள்.

"பெனிஃபிட் ஆஃப் டவுட்னு இருக்கு, சார். சந்தேகம் இன்னும் இருக்குன்னா எதுக்கு இந்த லெட்டர்?"

"அது வழக்கமா போடற வார்த்தை மா."

"என் கேஸ்ல வழக்கமானது என்ன இருக்கு?"

சாதனா வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். பத்ரிநாராயணன் அந்த வார்த்தையை எடுத்தார். இரண்டாவது தாளில் உமைரா என்ற பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. அதற்காக மூன்றாவது தாள் வந்தது. 'முறைகேடு எதுவும் நடக்கவில்லை. பதிவேட்டிலிருந்து குறிப்பு நீக்கப்பட்டது.' இரண்டே வாக்கியம். அவர் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கொஞ்சம் ஓங்கியே குத்தி, அவளிடம் நீட்டினார்.

"துணைத்தேர்வு ஃபாரம் இருக்கா, சார்?"

"அதுக்கு இருபதாம் தேதி வரைக்கும் டைம் இருக்கே."

"இப்பவே எழுதிடறேன்."

சாதனா படிவத்தை எடுத்துக் கொடுத்தாள். பெயர், பதிவு எண், முகவரி எல்லாம் பெரிய எழுத்தில் நிரப்பினாள். கடைசியில், முதல் தடவை தேறாததற்குக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. உடம்பு சரியில்லை, குடும்பத்தில் விசேஷம் என்று எல்லாரும் எதையாவது எழுதுகிற கட்டம். உமைரா தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினாள். எட்டுக் கேள்விகளில் இடதையும் வலதையும் மாற்றிப் போட்டேன். யாரையும் எதையும் பார்த்து எழுதவில்லை.

பத்ரிநாராயணன் எட்டிப் பார்த்தார். "ரெண்டாவது வரி வேண்டாமே மா. அதுக்குத்தான் லெட்டர் குடுத்தாச்சே."

"இருக்கட்டும், சார்" என்று சொல்லிவிட்டு, உமைரா தேதியைப் போட்டாள்.